மரத்தளத்துக்கு வார்னிஷா, எண்ணெயா?

வெளிப்புற மரத்தளத்துக்கு எதைப் பூசலாம் என்று கேட்டால் பலர் வார்னிஷைத்தான் சொல்வார்கள். பூசிய அன்றைய பளபளப்பில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் மழையிலும் வெயிலிலும் கிடக்கப்போகிற பலகை இது. பூச்சு பழசாகும்போது எப்படிக் கெடுகிறது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

வார்னிஷும் பெயின்டும் மரத்தின் மேல் படலமாக நிற்பவை. மரம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். படலம் அந்த அளவுக்கு நெளிந்து கொடுக்காது. எங்காவது மயிரிழை விரிசல் விழும். அதன் வழியே இறங்கிய தண்ணீர் சீக்கிரம் காய வழியில்லாமல் அடியிலேயே தங்கிவிடும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருந்தால் மக்கவைக்கும் பூஞ்சை வளராது. 30-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் அதற்குக் கொண்டாட்டம்தான். அப்புறம் பூச்சு செதில் செதிலாக உரியும். மறுபடி பூசுவதற்கு முன் மொத்தத்தையும் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாக வேண்டும். கால் படாத தூணுக்கும் கைப்பிடிக்கும் பெயின்ட் தாராளமாகப் போதும். நடக்கிற பலகைக்கு வேண்டாம்.

எண்ணெய் நாருக்குள் இறங்கிவிடும். உரிய ஒன்றுமில்லை, மெல்ல மங்கும், அவ்வளவுதான். ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை கழுவிக் காயவிட்டு, மேலேயே இன்னொரு கை பூசலாம். எப்போது என்று தெரிய, தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: முத்தாக நின்றால் அவசரமில்லை, உறிஞ்சிக் கறுத்தால் பூசும் நேரம். வெறும் ஆளிவிதை எண்ணெயைத் தவிர்க்கலாம். கரும்பூஞ்சைக்கு அதுவே தீனி. நிறமில்லாத எண்ணெய் வெயிலைப் பெரிதாகத் தடுக்காது, பலகை நரைத்துவிடும். நிறமி கலந்த, உள்ளிறங்கும் பூச்சான ஸ்டெயின்தான் என் தேர்வு. (எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயவிடுங்கள்.)

மருந்தேற்றிய மரம் என்றால் பூச்சே வேண்டாமா? பூஞ்சையையும் கரையானையும் அது தடுக்கும், சரி. தண்ணீரால் வரும் வெடிப்பையும் முறுக்கலையும் தடுக்காது. பல மருந்துகளில் செம்பு இருப்பதால் சாதாரண ஆணி சீக்கிரம் அரித்துப்போகும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி போடுங்கள். இப்படி மருந்தேற்றிய புதுப் பலகை பெரும்பாலும் ஈரமாகவே வரும், நன்றாகக் காய்ந்த பிறகே ஸ்டெயின்.

எதைத் தேர்ந்தாலும் பலகையின் வெட்டுமுனையை விட்டுவிடாதீர்கள். தட்டைப் பக்கத்தைவிட அது பல மடங்கு வேகமாகத் தண்ணீரை இழுக்கும். பொருத்துவதற்கு முன்பே, கை எட்டும்போதே, அங்கே நன்றாக ஊற ஊறப் பூசிவிடுங்கள்.