நிமிடத் தொடரா, நெடுந்தொடரா: ரகசிய வீரனை எதில் பார்ப்பது?

வீட்டோடு மாப்பிள்ளை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறான். மாமியார் திட்டுகிறார், மைத்துனன் கைநீட்டுகிறான். எதிரிப் படைகளைக் கதிகலங்க வைத்த தளபதியே அவன்தான் என்பது நமக்கு மட்டும் தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் இந்தக் கதை எனக்கு அலுப்பதில்லை. சில மாதங்கள் சீனத் தொடர்களில் நிமிடத் தொடர், வழக்கமான நீள எபிசோடுகளில் வரும் நெடுந்தொடர் என இரண்டு வகையையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, இப்போது நெடுந்தொடர் பக்கம் வந்துவிட்டேன்.

மொபைலை நிமிர்த்திப் பிடித்துப் பார்க்கும் நிமிடத் தொடர்கள் பலருக்கும் தெரிந்தவைதான். ஒன்றிரண்டு நிமிட எபிசோடுகள், பெரும்பாலும் 60 முதல் 100 வரை. மொத்தமும் சேர்ந்தால் ஒரு சினிமா நேரம். முதல் சில எபிசோடுகள் இலவசம், அப்புறம் காயின் அல்லது விளம்பரம். ஓங்கிய கை கன்னத்தில் விழும் முன்பே எபிசோட் முடிந்துவிடும். களைத்துப்போன இரவில் அது தரும் குஷியே தனி.

எனக்கு முக்கியமானது ஒரே கேள்விதான்: ஏன் மறைக்கிறான்?

பாண்டவர்களின் அஞ்ஞாதவாசத்தை நினைத்துப் பாருங்கள். 13ஆம் ஆண்டில் அடையாளம் தெரிந்துவிட்டால் மறுபடியும் 12 ஆண்டு காடு. கீசகன் சபையிலேயே திரௌபதியை உதைக்கிறான். சமையல்காரனாக நிற்கும் பீமனின் பார்வை பக்கத்து மரத்தின் மேல் போகிறது. விறகு வேண்டுமானால் வெளியே போய்ப் பார் என்று தர்மர் அவனை அடக்குகிறார். அவன் பலம் நமக்குத் தெரியும், அதை ஏன் காட்டக் கூடாது என்பதும் தெரியும். அதனால்தான் அந்த இடத்தில் நெஞ்சு அப்படிப் பதறுகிறது.

நான் பார்த்த நிமிடத் தொடர்கள் பலவற்றில் இந்தக் காரணம் ஒரு வரிதான்: அடையாளத்தைக் காட்டுவதில்லை என்று கொடுத்த மூன்று ஆண்டு வாக்குறுதி. ஒரு போன் போட்டால் நூறு கார் வந்து நிற்கும். உண்மை வெளிவந்தபின் இரண்டாம் முறை பார்க்க அதில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. நல்ல நெடுந்தொடரில் ஹீரோ சக்தியைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் ஏதோ தடயம் விழும், யாரோ ஒருவர் சந்தேகப்படுவார். மௌனமாக இருந்ததால் ஒரு நண்பனை இழந்தபின்தான் வாளை எடுப்பான். அந்தச் சண்டையில் பத்துப் பேர் காற்றில் பறந்தாலும் நான் நம்பிவிடுவேன். முடிவு தெரிந்தபின் மறுபடி போட்டால், முன்பு கவனிக்காத பார்வைகளெல்லாம் கண்ணில் படும்.

இழுவை உண்டு, மறுக்கவில்லை. தொடர்களை 40 எபிசோடுக்குள் முடிக்கும்படி 2020இல் சீன ஒளிபரப்புத் துறை ஊக்குவித்தது. ஆனாலும் நடுவில் தேவலோகக் காதல் காட்சிகள் நீளும். நான் அவற்றைத் தள்ளிவிட்டுத்தான் பார்க்கிறேன். கொரியத் தொடர்களில் இரண்டு மூன்றுதான் பார்த்திருக்கிறேன், அவற்றுக்கும் இது பொருந்துமா என்று உறுதியாகச் சொல்லமாட்டேன்.

இப்போதெல்லாம் எந்தத் தொடருக்கும் நான்கு எபிசோட் கொடுக்கிறேன். முகமூடி கழன்றால் அவன் எதை இழப்பான் என்பது அதற்குள் தெரிந்துவிட்டால், மீதியை ஒரு வாரத்தில் முடித்துவிடுவேன்.