ஸ்கேன் படத்துக்கு எந்த நீர்க்குறி: எல்எஸ்பியா, வேவ்லெட்டா?

கிளிநொச்சியில் எடுத்த சிடி ஸ்கேன் படம் யாழ்ப்பாண நிபுணருக்குப் போகிறது. ஏ9 வீதியில் நோயாளி ஆனையிறவு தாண்டமுன்னமே படம் போய்விடும். இடையில் யாரும் கைவைக்கவில்லை என்பதற்கு என்ன சாட்சி? டைகொம் (மருத்துவப் படக் கோப்பு வடிவம்) தலைப்பிலுள்ள நோயாளியின் பெயர், சாதாரண ஜேபெக் படமாக ஆக்கினால் கழன்றுவிடும். ஆகவே குறி படத்துக்குள்ளேயே, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கவேண்டும். இதுதான் நீர்க்குறி. பதிக்க இரண்டு வழி: எல்எஸ்பி என்றால் ஒவ்வொரு பிக்சலின் (படப் புள்ளியின்) எண்ணில் கடைசி பிட்டில் எழுதுவது. வேவ்லெட் என்றால் படத்தைப் பெரிய வடிவம், நுண்விவரம் என்று கணக்கால் பிரித்து, அந்த எண்களில் எழுதுவது.

செலவு
எல்எஸ்பி: சில வரி நிரல், பழைய மடிக்கணினி போதும்.
வேவ்லெட்: கணக்கு கூட, மென்பொருள் இலவசமாகவே கிடைக்கும்.

படத்தின் தரம்
எல்எஸ்பி: கடைசி பிட் மட்டும் மாறும். 140 இருந்த பிக்சல் 141 ஆகும், அவ்வளவுதான்.
வேவ்லெட்: மாற்றம் சுற்றிலும் பரவும். மயிரிழை எலும்பு வெடிப்பைத் தேடும் இடத்தில் எனக்கு இது பிடிக்காது. ஓரத்துக் கறுப்பில் மட்டும் பதிக்கலாம். அப்புறம் யாராவது ஓரத்தை வெட்டினால் குறியும் போச்சு.

தாக்குப்பிடிப்பு
எல்எஸ்பி: வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக ஒருமுறை அனுப்பினாலே அழியும். ஆனால் அந்த அழிவுதான் அதன் வேலை: கடைசி பிட்டுகளை விட்டு மிச்சப் படத்துக்கு இரகசியச் சாவியோடு கணித்த ஹாஷை (படம் மாறினால் தானும் மாறும் சிறு அடையாள எண்ணை) அதில் வைத்திருந்தால், சின்னத் திருத்தமும் பிடிபடும்.
வேவ்லெட்: ஓரளவு சுருக்கத்தைத் தாங்கும்.

நிபுணர் பார்க்கும் மூலப் படத்துக்கு எல்எஸ்பி. போனுக்குப் போன் தாவும் பிரதி எங்கிருந்து கசிந்தது என்று அறிய வேவ்லெட். சரி, படத்தை மற்றவர் கண்ணில் படாமல் வைக்க இரண்டும் உதவாது. அதற்குக் குறியாக்கம் (சாவி இல்லாதவர் திறக்கமுடியாதபடி பூட்டுவது) தனியாக வேண்டும்.