“எல்லாரும் எனக்கு ஒன்றுதான்”: நர்ஸ் இன்டர்வியூவில் இந்தப் பதில் எடுபடுமா?

பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ் வேலை, வீடியோ இன்டர்வியூ. மருந்துக் கணக்கு, செப்சிஸ் (தொற்றால் வரும் உயிராபத்து), பெட்சோர் (படுக்கைப் புண்) எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். அப்புறம் ஒரு கேள்வி வரும்: “உங்களுடைய பண்பாட்டிலிருந்து மாறுபட்ட ஒரு நோயாளியைக் கவனித்த அனுபவத்தைச் சொல்லுங்கள்.” நன்றாகப் படித்துவிட்டுப் போனவர்களும் இங்கே தடுமாறுகிறார்கள். பயிற்சிக்கு வரும் பெண்களிடம் இதே கேள்வியைக் கேட்டால் எனக்குக் கிடைப்பது பெரும்பாலும் மூன்று வகைப் பதில்கள்.

முதல் வகை: “நான் மதம், மொழி, நிறம் எதுவும் பார்ப்பதில்லை. எல்லா நோயாளிகளும் எனக்கு ஒன்றுதான்.” மனதார வரும் பதில் இது. சாதி பார்த்துத் தண்ணீர் கொடுத்த ஊர்களிலிருந்து வருகிறோம், நமக்கு இதன் அருமை தெரியும். ஆனால் எதிரே இருப்பவர் காதில் இது வேறு மாதிரி விழுகிறது. எல்லாரும் ஒன்று என்றால் எல்லாருக்கும் ஒரே சாப்பாடா? ஆண் நர்ஸ் குளிப்பாட்ட வேண்டாம் என்று சொல்லும் அம்மாவுக்கும் அதே ஏற்பாடா? அங்குள்ள நர்சிங் கவுன்சிலின் நடத்தை விதிகள் கேட்பதே ஒவ்வொருவரையும் தனி மனிதராக நடத்தச் சொல்லித்தான். மூன்றில் இந்தப் பதிலைத்தான் நான் கடைசியில் வைப்பேன்.

இரண்டாவது வகை, மனப்பாடப் பட்டியல். முஸ்லிம்களுக்கு ஹலால், யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு ரத்தம் ஏற்றக் கூடாது, சீக்கியருக்கு முடி மழிக்கும் முன் கேட்க வேண்டும். படித்திருக்கிறார் என்பது தெரியும், அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் “இந்து என்றால் சைவம்” என்று முடிவுகட்டி, கறிக்குழம்பு இல்லாமல் சோறு இறங்காத மதுரைக்காரருக்கு மூன்று நாள் வேகவைத்த காய்கறியையே நீட்டினால் எப்படி இருக்கும்? யெகோவாவின் சாட்சிகளிலும் அல்புமின் போன்ற ரத்தக் கூறுகளை ஏற்பதா வேண்டாமா என்பதை ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்கிறார்கள். ஆகவே கேட்காமல் தெரியாது. 1998-இல் டெர்வலான், முர்ரே-கார்சியா என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் ‘பண்பாட்டுப் பணிவு’ என்று எழுதியதன் சாரமும் இதுதான்: அடுத்தவர் பண்பாட்டைக் கரைத்துக் குடித்துவிட்டதாக நினைக்காதே, கடைசிவரை கற்றுக்கொண்டே இரு.

அதற்காகப் பட்டியலைத் தூக்கிப் போட வேண்டாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது என்று தெரிந்த நர்ஸ்தான், ஊசி போடும் முன் நோயாளியிடம் அதைச் சொல்லி, “உங்களுக்குச் சம்மதமா?” என்று கேட்பார். தெரியாதவருக்குக் கேட்கவே தோன்றாது.

மூன்றாவது, நடந்த ஒன்றைச் சொல்வது. என் தேர்வு இதுதான். “அக்கா, நான் நாகர்கோவில் தாண்டி வேலை பார்த்ததே இல்லை, எல்லாம் நம்ம ஆளுங்கதான், எந்தக் கதையைச் சொல்றது?” என்று ஒரு பெண் கேட்டாள். அவள் கிறிஸ்தவப் பெண். ஆபரேஷனுக்கு முன் யாராவது தாலியைக் கழற்ற மறுத்ததுண்டா என்று கேட்டேன். உடனே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

கர்ப்பப்பை ஆபரேஷன். தியேட்டருக்கு அனுப்பும் முன் செக்லிஸ்ட், உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. “தாலியக் கழட்டுங்கம்மா” என்றதும் அந்த அம்மாவின் கை மார்போடு தாலியை இறுகப் பிடித்துக்கொண்டது. இவள் அதட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “என்ன பயம்மா?” என்று கேட்டிருக்கிறாள். கழுத்து வெறுமையாக இருக்கும் அந்த ஒரு நிமிஷம்தான் பயம். மாமியார் விரலி மஞ்சள் கோத்த மஞ்சள் கயிற்றைக் கொண்டுவர, முதலில் அதைக் கட்டிவிட்டு, பிறகுதான் தங்கத்தைக் கழற்றி மாமியார் கையில் கொடுத்தார்கள். கயிறு இருப்பதை மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லி, கேஸ் ஷீட்டிலும் எழுதினாள். தியரி வகுப்பில் மேடலின் லைனிங்கர் என்ற அமெரிக்க நர்சிங் அறிஞர் பெயரில் படித்தோமே, நோயாளியின் வழக்கத்தைக் காப்பது, சிகிச்சைக்கு ஏற்ப அனுசரிப்பது என்று, அதை அவள் பெயர் தெரியாமலே செய்திருக்கிறாள். திருப்பூர், கோவைப் பக்கம் வேலை பார்த்தவர்களிடம் தமிழ் தெரியாத ஒடிசா, பீகார் தொழிலாளர்களைக் கவனித்த கதைகள் நிறையவே இருக்கும்.

சரி, இதற்கடுத்து சில இடங்களில் இன்னொரு கேள்வி வரும்: “புற்றுநோய் என்பதை அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று மகன் கேட்கிறார். என்ன செய்வீர்கள்?” இங்கே நம் பழக்கமே நம்மைக் கவிழ்க்கும். “குடும்பத்தின் பண்பாட்டை மதித்துச் சொல்ல மாட்டேன்” என்பது நம் ஊர் வார்டில் தினமும் நடப்பது. பிரிட்டனில் அது செல்லாது. முடிவெடுக்கும் திறன் உள்ள நோயாளிக்குத் தன் நோயை அறியும் உரிமை உண்டு, மகன் அதைத் தடுக்க முடியாது. இங்கிலாந்து, வேல்ஸில் 2005-ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம், திறன் உண்டு என்றே எடுத்துக்கொண்டு தொடங்கச் சொல்கிறது. அதற்காக “சட்டப்படி சொல்லிவிடுவேன்” என்று வெட்டிப் பேசினாலும் மதிப்பெண் கிடைக்காது. மகனின் பயத்தைக் காது கொடுத்துக் கேட்பேன்; அப்பாவிடம் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார், யார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று விசாரிப்பேன்; டாக்டரிடம் தெரிவிப்பேன்; ஆங்கிலம் தெரியாதவர் என்றால் மகனை வைத்துப் பேசாமல் மொழிபெயர்ப்பாளரை வரவழைப்பேன். இந்த வரிசையில் சொல்லுங்கள். “எனக்கு வேண்டாம், மகனிடமே பேசுங்கள்” என்று அப்பாவே சொன்னால் அதுவும் அவருடைய உரிமைதான்.

கதை சொல்லும்போது இரண்டு விஷயம். “நாங்க செஞ்சோம்” என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். அங்கே நீங்கள் என்ன செய்தீர்கள் என்றுதான் பார்ப்பார்கள், “நான்” என்றே சொல்லுங்கள். அப்புறம், பேச்சு வேகத்தில் நோயாளியின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். ‘நாற்பது வயது அம்மா ஒருவர்’ போதும்.