சம்பர்க் ஹெட் மூடுபனிச் சங்கு: ஊதுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள்

ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்துத் தீவுகளின் தென்முனையில் இருக்கும் சம்பர்க் ஹெட் கலங்கரை விளக்கத்துக்குப் பெரும்பாலானவர்கள் பஃபின் பறவைகளைப் பார்க்கப் போகிறார்கள். நான் போனது சங்குக்காக, அதாவது மூடுபனியில் கரை இருப்பதைக் கப்பல்களுக்குச் சத்தத்தால் சொல்லும் கருவிக்காக. கப்பல் இன்ஜின் ரூமிலேயே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன் நான். காற்றை அடைத்து வைக்கும் ஏர் பாட்டிலில் போதிய அழுத்தம் இல்லாவிட்டால் மெயின் இன்ஜின் கிளம்பாது. அதனால் அழுத்தம் காட்டும் கேஜைப் பார்ப்பதுதான் காலையில் முதல் வேலை. அதே அடைத்த காற்றை வைத்துக் கரையில் இருந்தவர்கள் எங்களுக்கு எப்படிக் குரல் கொடுத்தார்கள் என்று பார்க்க ரொம்ப நாளாக ஆசை.

விளக்கு 1821-இல் ராபர்ட் ஸ்டீவன்சன் கட்டியது. சங்கு வந்தது 1906-இல், 1987-இல் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் பொறுமையாகப் பழுது பார்த்து மறுபடி ஊத வைத்திருக்கிறார்கள். எல்லா நாளும் ஊதுவதில்லை, விசாரித்துக்கொண்டு போங்கள்.

பலரும் நேராக வெளியே போய்ச் சிவப்புக் குழலுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். என் பேச்சைக் கேட்டால், முதலில் இன்ஜின் அறைக்குள் போங்கள். கிளாஸ்கோவில் செய்த கெல்வின் டீசல் இன்ஜின்கள் மூன்று வரிசையாக நிற்கின்றன. மீன்பிடிப் படகுகளில் ஓடிய அதே ஜாதி. இந்த வகை இன்ஜினைப் பெட்ரோலில் கிளப்பி, கொஞ்சம் சூடேறியதும் டீசலுக்கு மாற்ற வேண்டும். மாறும் அந்த நொடியில் சத்தமே வேறாகிறது: படபடவென்று இருந்தது கனத்து, நிதானமாகி, தரை வழியாகக் காலுக்கு வருகிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்ஜின், காற்றை அழுத்தி அடைக்கும் கம்ப்ரசரை ஓட்டுகிறது, கம்ப்ரசர் தொட்டிகளை நிரப்புகிறது. கப்பல் பாட்டிலோடு ஒப்பிட்டால் அழுத்தம் ரொம்பக் குறைவு, ஆனால் காற்றின் அளவு மிக அதிகம். ஒரு முறை ஊதும்போது வெளியேறும் காற்றைக் கம்ப்ரசரால் உடனுக்குடன் கொடுக்க முடியாது. அதனால்தான் அத்தனை பெரிய தொட்டிகள். ஊதி முடிந்ததும் கேஜ் முள் சரிகிறது. அடுத்த ஊதலுக்குள் அது மெல்ல ஏற வேண்டும். அந்த இடைவெளிக்கு இன்னொரு வேலையும் உண்டு. எத்தனை முறை ஊதி எவ்வளவு நேரம் மௌனம் என்பது நிலையத்துக்கு நிலையம் வேறு. பனிக்குள் ஒன்றும் தெரியாத மாலுமி, அதை எண்ணித்தான் எந்தக் கரை என்று கண்டுகொண்டார்.

சத்தம் பிறக்கும் இடம் சின்னது. பிளவுகள் வெட்டிய உருளை ஒன்று, அதேபோல் பிளவுகள் உள்ள இன்னொன்றுக்குள் சுழல்கிறது. பிளவுகள் நேருக்கு நேர் வரும்போது காற்று பாயும், விலகும்போது அடைபடும். வேகம் கூடக் கூடச் சுருதி ஏறும். குழல் அந்தத் துடிப்பை வெளிக்காற்றோடு நன்றாகச் சேர்த்துக் கடல் பக்கம் அனுப்புகிறது.

இதற்கு முந்தைய கதை நீளம். 1851-இல் அமெரிக்காவின் பீவர்டெயில் நிலையத்தில் டபோல் என்பவர் வைத்த சங்குக் கருவிக்குக் காற்றை அடைத்துக் கொடுத்தது ஒரு குதிரை! ஆர்கன் என்ற இசைக்கருவியைச் செய்துவந்த ஹோப்-ஜோன்ஸின் யோசனையை வைத்து டொராண்டோவின் நார்த்தி 1903-இல் உருவாக்கிய டயாஃபோன் என்ற சங்கில் உருளை சுழலாது, முன்னும் பின்னும் ஓடும். காற்று தீரும்போது கடைசியில் ஓர் உறுமல் வரும். எனக்குப் பிடித்தது இயற்பியலாளர் டிண்டலின் கதை. 1873-இல் இங்கிலாந்தின் சவுத் ஃபோர்லண்டில் அவர் சங்குகளைச் சோதித்தபோது, தெளிவான வெயில் நாளில் சத்தம் கொஞ்ச தூரத்திலேயே செத்துப்போனது. அடர்ந்த பனியில் அதைவிட நன்றாகக் கேட்டது. பனி சத்தத்தை விழுங்கும் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். காற்று அடுக்கடுக்காக வெப்பம் மாறிக் கிடந்தால் சத்தம் சிதறும் என்று அவர் விளக்கினார்.

சரி, ஊதும்போது எப்படி இருந்தது? காதைவிட நெஞ்சுக்கூட்டில்தான் முதலில் தெரிந்தது. குழலுக்கு முன்னால் நிற்காதீர்கள், பக்கவாட்டில் தள்ளி நில்லுங்கள். குழந்தைகளுக்குக் காதை மூடும் மஃப் கட்டாயம். சத்தம் நின்ற பிறகும் உடனே பேசாமல் இருங்கள். மூடுபனியில் கப்பல் ஓடும்போது குறைந்தது இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு நீண்ட ஊதல் நாங்களும் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு, கப்பலை ஓட்டும் மேல்தளமான பிரிட்ஜில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்போம். அன்று அந்தப் பாறை மேல் அதேபோல நின்றேன், எதிரே கப்பலே இல்லாவிட்டாலும்.

எல்லோரும் கலைந்த பிறகு மறுபடி உள்ளே போனேன். இன்ஜின்களைக் கவனித்துக்கொள்ளும் பெரியவர் குனிந்து, தொட்டியின் அடியில் இருந்த, தண்ணீரை வடிக்கும் வால்வைத் திறந்தார். சீறிக்கொண்டு தண்ணீர் வந்தது, கம்ப்ரசர் உறிஞ்சிய கடற்காற்றின் ஈரம். "நீங்களும் கப்பலில் தினமும் இதைத்தானே செய்திருப்பீர்கள்?" என்றார். ஆமாம் என்றேன். வால்வை மூடும் வேலையை எனக்கு விட்டுக்கொடுத்தார்.