ஜிப்ஸிக்கு மோட்டாரை எங்கே வைப்பது?

எங்கள் வண்டி 1998 மாடல் மாருதி ஜிப்ஸி கிங் ஜீப். கோத்தகிரி மழையில் மிதிபலகை துருப்பிடித்ததைத் தவிர உடம்பில் குறையில்லை. ஆனால் இன்ஜின் பெட்ரோலோடு சேர்த்து ஆயிலும் குடிக்க ஆரம்பித்துவிட்டது. மலையில் லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுத்தால் அன்றைக்கு அதற்கு நல்ல மனசு என்று அர்த்தம். ரீபோர் பண்ணிவிடு, அதாவது சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போட்டுவிடு என்றார் மெக்கானிக் அண்ணன். முழுக்க கரண்ட் வண்டியாக்கிவிடு என்றான் தம்பி. எனக்கு ஹைபிரிட் மேல் ஆசை. இன்ஜினும் இருக்கும், மோட்டாரும் இருக்கும், நடுக்காட்டில் நிற்க வேண்டாம். மூன்றையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் பாதை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர். ஏற்றம் ஏறக்குறைய 1,450 மீட்டர். ஆளும் சாமானுமாக 1,200 கிலோ எடையை அவ்வளவு உயரம் தூக்கவே 4.7 யூனிட் மின்சாரம் வேண்டும். டயர் உராய்வு, மோட்டாரில் வீணாவது எல்லாம் சேர்த்தால் எட்டு யூனிட். இறங்கும்போது மோட்டாரே பிரேக் பிடித்து பேட்டரிக்குத் திருப்பித் தரும் என்று எல்லோரும் ஆசையாகச் சொல்வார்கள். தரும்தான், ஆனால் ஒன்றரை, இரண்டு யூனிட்டுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். பாதியை உராய்வே தின்றுவிடும்.

மலை உச்சியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. ராத்திரி பேட்டரியை நிரப்பிவிட்டுக் காலையில் இறங்கினால், திரும்பி வரும் மின்சாரத்துக்கு உள்ளே இடமிருக்காது. மோட்டார் பிரேக் வேலை செய்யாது. முழுப் பாரமும் பழைய பிரேக் மேல் விழும். எண்பது சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் புத்தி.

இந்தக் கணக்கில் முழு மின் வண்டி நான் நினைத்ததைவிட நன்றாகவே நிற்கிறது. 20 யூனிட் எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி 150 கிலோவுக்குக் குறையாது. ஆனால் இன்ஜின், சைலன்சர், ரேடியேட்டர், 40 லிட்டர் டேங்க் எல்லாம் கழன்றுவிடுவதால் எடை பெரிதாக ஏறாது. மேட்டுப்பாளையம் போய்த் திரும்ப அது தாராளம். கோயம்புத்தூர் வரை என்றால் அங்கே சார்ஜ் போட்டே ஆக வேண்டும். இந்திய ராணுவம்கூட பழைய ஜிப்ஸிகளைத் தூக்கிப் போடாமல், ஐ.ஐ.டி. டெல்லியோடும் ஒரு தனியார் நிறுவனத்தோடும் சேர்ந்து மின்மயமாக்கி 2023 ஏப்ரலில் காட்டியது. 30 கிலோவாட் மோட்டார், ஒரு சார்ஜுக்கு 120 கிலோமீட்டர் என்றார்கள். கியர்பாக்ஸையும், இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் எடுக்காமல் மோட்டாரை இன்ஜின் இருந்த இடத்தில் உட்காரவைத்தால், லோ கியர் அப்படியே கையில் இருக்கும். தேயிலைத் தோட்டத்துச் சேற்றில் ஊர்ந்து போவதற்கு, ஆரம்பத்திலிருந்தே முழு இழுவை தரும் மோட்டாரைவிட நல்ல துணை இல்லை.

அப்படியென்றால் ஹைபிரிட் எதற்கு? அது மோட்டாரை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

எளிய வழி, இன்ஜின் முன்னால் சுற்றும் கிராங்க் புல்லியில் பெல்ட் போட்டு மோட்டாரை இணைப்பது. 2010-இல் கே.பி.ஐ.டி. கம்மின்ஸ், பாரத் ஃபோர்ஜ் நிறுவனங்கள் அறிவித்த ரெவோலோ கிட் (ஓடுகிற காரில் பொருத்தும் ஹைபிரிட் சாமான் தொகுப்பு) இந்த வகைதான். அது பரவலாகக் கடைக்கு வரவில்லை. பெல்ட் உதவி ஊருக்குள் நின்று நின்று போகும் காருக்குச் சரி. மலையில், மோட்டார் மட்டும் இழுக்க நினைத்தாலும் இன்ஜினையும் சேர்த்துச் சுற்ற வேண்டியிருக்கும். எனக்கு ஒத்துவரவில்லை.

அடுத்தது, முன் ஆக்ஸிலை இன்ஜினிலிருந்து பிரித்து மோட்டாருக்குக் கொடுப்பது. பின் சக்கரம் பெட்ரோலில், முன் சக்கரம் மின்சாரத்தில். கேட்க அழகாக இருக்கிறது. பேட்டரி தீர்ந்த அன்று உங்களிடம் இருப்பது ஃபோர் வீல் டிரைவ் இல்லை, பின் சக்கர வண்டி. சேற்றில் மாட்டுவதும் பேட்டரி தீர்வதும் ஒரே நாளில்தான் நடக்கும் என்பது என் அனுபவ ஜோசியம். சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்) வண்டியில் சக்கரத்தின் எடையைக் கூட்டினால் முதுகெலும்புதான் பதில் சொல்லும்.

மூன்றாவது இடம் ஜிப்ஸிக்கென்றே விட்டுவைத்தது போல இருக்கிறது. பல ஜீப்புகளில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்கும். ஜிப்ஸியில் அது தனியாகத் தொங்குகிறது. நடுவில் ஒரு குட்டை ஷாஃப்ட். அந்த ஷாஃப்ட் இருக்கும் இடத்தில், இரு பக்கமும் தண்டு நீட்டிய மோட்டாரைப் பொருத்தினால், இன்ஜினின் பலமும் மோட்டாரின் பலமும் ஒன்றாக டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் போகும். ஃபோர் வீல், லோ கியர் எதுவும் போகாது. 5 யூனிட் பேட்டரி இருந்தால் கோத்தகிரி ஏற்றத்தின் பாதிச் சுமையை மின்சாரம் ஏற்கும். ஏறும் ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட இரண்டு லிட்டர் பெட்ரோல் மிச்சம்.

இங்கேயும் சிக்கல் உண்டு. இன்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து மோட்டாரில் மட்டும் ஓடினால் கியர்பாக்ஸின் வெளித்தண்டு சுற்றும். ஆயிலை வாரி இறைக்கும் கீழ்த்தண்டு சுற்றாது. பேரிங் காயும். வண்டியைக் கட்டி இழுக்கும்போது தூரம் பார்ப்பது இதனால்தான். இரண்டாவது, முதல் கியரில் இன்ஜினின் முறுக்குவிசை ஏற்கெனவே மூன்றரை மடங்காகித்தான் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு வருகிறது. அதன்மேல் மோட்டாரும் முழு மூச்சில் தள்ளினால் பல் உடையும். மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலரில் கட்டுப்பாடு வைக்க வேண்டும். மூன்றாவது பிரேக். மிதிக்கும் விசையைப் பெருக்கும் பூஸ்டருக்கு வேக்குவம் (உறிஞ்சும் வெற்றிடம்) தருவது இன்ஜின். அது நின்றால் இரண்டு மிதியில் பிரேக் பலகை கல்லாகிவிடும். மலை இறக்கத்தில் இதை மறந்தவர் திரும்பி வந்து கதை சொல்ல மாட்டார். மின் வேக்குவம் பம்ப் இல்லாமல் மாற்றத்தையே தொடாதீர்கள். முழு மின் வண்டிக்கும் இதே விதி.

சரி, செய்துவிடலாமா என்றால் சட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, ஒப்புதல் இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்ற முடியாது. ஹைபிரிட் கிட்டுக்கு ஏ.ஐ.எஸ். 123 என்ற வாகனத் தர விதியின் முதல் பாகம் (3,500 கிலோ வரையுள்ள வண்டிக்கு), முழு மின் கிட்டுக்கு மூன்றாம் பாகம். புனே ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையத்தில் தேறிய கிட்டாக இருக்க வேண்டும், ஆர்.சி. புத்தகத்தில் ஏற வேண்டும். எந்த மாடலுக்கு ஒப்புதல் என்பது சான்றிதழில் இருக்கும். அதில் ஜிப்ஸி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். என்னிடம் “அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்” என்ற ஒரு பட்டறைக்காரர், சான்றிதழ் கேட்டதும் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். நடு ஷாஃப்ட் ஹைபிரிட்டை நானே கட்டினால் ஆர்.டி.ஓ. வாசலில் அது வெறும் இரும்பு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கை விரிக்கும்.

ஆக, தினம் நாற்பது கிலோமீட்டருக்குள் ஓட்டி, வீட்டில் பிளக் பாயிண்ட் இருப்பவருக்கு ஒப்புதல் பெற்ற முழு மின் கிட் கிடைத்தால் அதுவே சரி. தம்பி சொன்னதில் பாதி நியாயம். கோயம்புத்தூருக்கும் காட்டுக்கும் மாறி மாறி ஓடும் எனக்கு நடு ஷாஃப்ட் ஹைபிரிட்தான் பொருத்தம். ஆனால் எனக்கு வேண்டியது தொழில்நுட்பம் மட்டுமல்ல, ஆர்.சி.யும்தான். அண்ணன் சொன்னபடி ரீபோர் செய்தாயிற்று. முதல் ஆயிரம் கிலோமீட்டர் மிதிக்காமல் ஓட்டச் சொல்லியிருக்கிறார். வண்டி ஜாக்கியில் நின்ற அன்று அந்தக் குட்டை ஷாஃப்டின் நீளத்தையும் அளந்து எழுதி வைத்துக்கொண்டேன்.