இசையும் இன்ஜினியரிங்கும் வேண்டுமா? கோலாலம்பூர், பினாங்கு ஓர் அலசல்

மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் முடிவு வந்ததும் நம் வீடுகளில் தொடங்கிவிடும் பேச்சு இது. பிள்ளை சின்ன வயதிலிருந்து வயலின் வாசிக்கிறது, கணிதத்திலும் இயற்பியலிலும் நல்ல மதிப்பெண். ஒன்றை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு மனம் வராது. இரண்டிலும் ஒரே நேரத்தில் பட்டம் வாங்குவது கஷ்டம்தான். நான்கு வருட இன்ஜினியரிங்கே ஆளை விழுங்கிவிடும். பட்டம் ஒன்று, பயிற்சி மற்றொன்று என்று வைத்துக்கொண்டால், நான் முதலில் பார்ப்பது ஆய்வுக்கூடத்துக்கும் இசை வகுப்புக்கும் உள்ள தூரத்தைத்தான்.

பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இரண்டும் உண்டு என்று கையேட்டைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம். ஆனால் கலைப்பள்ளி இருப்பது தீவில், கெலுகோரில். பொறியியல் வளாகமோ கடலுக்கு இந்தப் பக்கம், பெருநிலத்தில், நிபோங் திபாலில். மாலை ஆய்வுக்கூடம் முடிந்து பாலம் தாண்டி ஒத்திகைக்குப் போய்த் திரும்புவது வாரநாளில் நடக்கிற காரியமா? எலக்ட்ரானிக்ஸ்தான் முதல் ஆசை, இசை வார இறுதிக்குப் போதும் என்றால் தாராளமாகப் போகலாம். 1972 முதல் வளர்ந்த பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை பயிற்சிக்கும் வேலைக்கும் பினாங்குத் தீவிலேயே இருக்கிறது.

கோலாலம்பூரின் செராஸில் உள்ளது யு.சி.எஸ்.ஐ. தனியார் பல்கலைக்கழகம். இசைக் கழகமும் பொறியியலும் ஒரே வளாகம். மேற்கத்திய இசையோ நவீன இசையோதான் பிள்ளையின் வழி என்றால் இதற்கு ஈடு சொல்வது கடினம். கட்டணம் அதிகம், அதைக் குடும்பம்தான் தீர்மானிக்க வேண்டும். பொறியியல் பாடப்பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பதைப் பிரிவு பிரிவாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கர்நாடக இசைப் பிள்ளைக்கு என் தேர்வு கோலாலம்பூரின் மலாயாப் பல்கலைக்கழகம். இடம் கிடைப்பது சிரமம், போட்டி கடுமை. ஆனால் அரசுக் கல்விக் கட்டணம். பொறியியலும் நிகழ்கலையும் ஒரே வளாகத்தில். அதைவிட முக்கியம், யுனிவர்சிட்டி எல்.ஆர்.டி. ரயில் நிலையத்திலிருந்து கே.எல். சென்ட்ரல் நான்கே நிறுத்தம். இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ். 1981ல் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்ற இசை, நடனப் பள்ளி அங்கேதான். குருவிடம் கற்பதைக் கல்லூரி மாறியும் தொடரலாம். வளாகத்திலிருந்து நிலையத்துக்கு பஸ் பிடிக்க வேண்டும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே சேர்ந்தாலும் இறுதியாண்டுத் திட்டத்தை வீணாக்கக் கூடாது. மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வலப்பக்கத் தோலின் நடுவே பூசும் கரணை என்ற கருப்புப் பூச்சுதான் அந்தத் தோலுக்குச் சுருதி சேர்ந்த மேல்நாதங்களைத் தருகிறது என்று சர் சி.வி. ராமன் 1920லேயே எழுதியிருக்கிறார். ஒரு மைக்கும் ஒரு லேப்டாப்பும் இருந்தால் மின்னியல் மாணவர் இன்றே அதை அளந்து பார்க்கலாம். கரணை தேயத் தேய நாதம் எப்படி மாறுகிறது என்று தொடங்கினாலே நல்ல திட்டம் ஆகிவிடும்.

வளாகம் பார்க்கப் போகும் நாளில் மூன்று கேள்வி கேளுங்கள்: பயிற்சி அறை இரவு எத்தனை மணி வரை திறந்திருக்கும், இசைப் பிரிவில் இல்லாத மாணவர் அதைப் பயன்படுத்தலாமா, இசை சார்ந்த திட்டத்தை வழிநடத்த பொறியியலில் யாராவது விரிவுரையாளர் தயாரா. மூன்றாவதுக்குப் பெயரோடு பதில் சொல்லும் இடத்தை விண்ணப்பத்தில் மேலே போடுங்கள்.