வீட்டுப் பராமரிப்பாளர் உதவித் திட்டம்: சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு எப்படி?

வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கான அரசு உதவித் திட்டம் இது. பயிற்சி, உபகரணம், மாற்று ஆள், மாத உதவித்தொகை நான்கும் ஒரே விண்ணப்பத்தில் வரும். பக்கவாதம் வந்ததில் அப்பாவுக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. அவரைப் பார்த்துக்கொள்வது நான். எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது, சக்கர நாற்காலியில்தான் இருக்கிறேன். ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன், அதில் இரண்டு உபகரணப் பிரிவுக்கே போகிறது.

பயிற்சி கொடுத்தவர் பொறுமைசாலி. ஆனால் பாடம் முழுக்க நிற்கக்கூடியவர்களுக்கானது. கட்டிலை இடுப்பு உயரத்துக்கு ஏற்று, காலை அகட்டி நில், முழங்காலை மடக்கு, முதுகை வளைக்காதே. எனக்கோ கட்டில் என் இருக்கை மட்டத்துக்கு இறங்க வேண்டும். என் நாற்காலியின் முன்சக்கரங்கள் முன்பக்கமாகத் திரும்பியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் குனிந்து இழுக்கும்போது நாற்காலியோடு கவிழ வேண்டியதுதான். இதெல்லாம் கையேட்டில் இல்லை. மற்றபடி விழுந்த கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, நல்ல பக்கமாகவே நாற்காலிக்கு மாற்ற வேண்டும் போன்றவற்றை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

உபகரணத்தில் முதலில் வந்தது, எழுந்து நின்று பம்ப் அடிக்கும் ஹைட்ராலிக் தூக்கி. அதன் அடிக்கால்களை விரிக்கக்கூடக் காலால் மிதிக்க வேண்டும்! திருப்பி அனுப்பினேன். அப்புறம் வந்த சிகிச்சையாளர் அப்பாவை அளந்ததோடு, உட்கார்ந்தபடி என் கை எவ்வளவு தூரம் எட்டுகிறது என்றும் அளந்தார். ரிமோட்டில் இயங்கும் மின்தூக்கியும், படுக்கையில் வழுக்கி நகர்த்தும் துணியும் வந்தன. தோள்வலி பாதியாகக் குறைந்தது. நாற்காலி தள்ளுகிறவர்களுக்குத் தோள்தான் கால், அது போனால் எல்லாம் போச்சு.

மாற்று ஆள் சேவை நேரத்துக்கு வருகிறது, குறையில்லை. ஆனால் வருபவருக்கு அப்பாவின் கோப்பு மட்டுமே கணக்கு. அப்பாவைக் குளிப்பாட்டுவார், மேல் அலமாரியிலிருந்து எனக்கு ஒரு துண்டு எடுத்துத் தர யோசிப்பார். நான் வேறு துறையின் வேறு கோப்பாம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, விதி அப்படி. விண்ணப்பத்தில் ஒரு கேள்வியை மட்டும் மனதாரப் பாராட்டுகிறேன்: 'நீங்கள் படுத்துவிட்டால் யார் பார்ப்பார்?' எனக்கு ஒரு படுக்கைப்புண் வந்தால் வாரக்கணக்கில் குப்புறக் கிடக்க வேண்டும். அதற்கான அவசரத் திட்டத்தை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டார்கள்.

உதவித்தொகைதான் மோசம். பராமரிப்பாளர் தொகைக்கு, 'இவ்வளவு வேலையையும் என்னால் செய்ய முடிகிறது' என்று கையெழுத்துப் போட வேண்டும். ஊனமுற்றோர் தொகைக்கு, என்னால் எதெல்லாம் முடியாது என்று பட்டியல் கொடுக்க வேண்டும். இரண்டும் உண்மை. ஆனால் முதல் தாளை இரண்டாவது அதிகாரி பார்த்ததும், 'அப்பாவையே தூக்குறீங்களே, உங்களுக்கு எதுக்கு உதவி?' என்று கேட்டார். தூக்குவது மின்தூக்கி என்று விளக்கி இன்னொரு கடிதம் எழுதினேன். இந்தப் பயத்திலேயே விண்ணப்பிக்காமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும்.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பிரிட்டனில் ஊனத்துக்கான பிஐபி தொகையைப் பெறுகிறவர், வாரம் 35 மணி நேரம் இன்னொருவரைப் பார்த்துக்கொண்டால் பராமரிப்பாளர் தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். பிஐபி வாங்குவது அதற்குத் தடையில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐநாவின் 2006 உடன்படிக்கையின் 23ஆம் பிரிவு, பிள்ளை வளர்க்கும் மாற்றுத்திறனாளிக்கு அரசு துணைநிற்க வேண்டும் என்கிறது. அப்பாவை வளர்க்கும் மாற்றுத்திறனாளிக்கு அதில் தனியாக ஒரு வரி இல்லை, சரி, நம் ஆட்கள் அதைச் சேர்க்கட்டும்.

விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு: மதிப்பீட்டை அலுவலகத்தில் வேண்டாம், வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். அவர்கள் கண்முன்னே ஒருமுறை கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றிக் காட்டுங்கள். எந்த வேலை எந்தக் கருவியால் நடக்கிறது என்று எழுதி, ஒரே தாளின் நகலை இரண்டு துறைக்கும் கொடுங்கள். தூக்கிக்கு இரண்டாவது பேட்டரியையும் அப்போதே கேட்டுவிடுங்கள், பிறகு கேட்டால் புது விண்ணப்பம் என்பார்கள்.